நடுவில் ஆறில்லை

துளி விட்டு இருபது நிமிஷம்.
கருமணி அகலும்வரை இருத்திவிட்டு
நாடியைத் தாங்கியில் வைக்கச் சொன்னேன்.
"பச்சைப் புள்ளியைப் பாருங்கோ. இமைக்கக் கூடாது."
ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மினிபஸ்
பருத்தித்துறை பருத்தித்துறை என்று கத்திப் போனது.
அவர் அசையவில்லை.

வெளிச்சம் அடித்தது.
திரையில் செம்மண் நிலமொன்று விரிந்தது.

அருமைநாயகம், நாற்பத்தேழு வயது, சுன்னாகம்.
குழாய்க்கிணறு துளைக்கிறவர்.
சீனி முந்நூற்றுப் பத்து.
கண்ணைக் கசக்கிக்கொண்டு
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்:
"உது எந்த ஊர் ஆறு?"

மூக்குப் பக்கம் வெளிறின தட்டு தெரியுதே,
அதுக்குள்ளால்தான் எல்லாம் வருகுது, போகுது.
அந்த இடத்துக்குப் பார்வையே இல்லை.
மேலே இரண்டு கிளை, கீழே இரண்டு,
நாடிக்குத் துணையாய் நாளம்.
நாடி மெலிசு, பளிச்சென்ற சிவப்பு.
நாளம் தடிப்பு, கறுத்தது, கொஞ்சம் சோம்பல்.
குறுக்கிடும் இடத்தில்
நாடி அமத்தி நாளம் நெரிந்து கிடக்குது.
பிரஷர் குளிசை ஒழுங்காய்ப் போடுறீங்களோ?

அதற்கு மறுமொழி இல்லை. விரல் நடுவில் நின்றது.
"இதுக்குள்ளை ஒரு வாய்க்காலும் போகேல்லை.
வறண்ட நிலமோ?"

நீங்கள் எழுத்து வாசிக்கிறது அங்கேதான்.
ஊசிக்கு நூல் கோர்க்கிறது,
தூரத்தில் வருகிறவர் ஆரென்று பிடிக்கிறது,
எல்லாம் அந்த அரை மில்லிமீற்றரில்.
நிழல் விழாமல் இருக்கக்
கிளைகள் ஓரத்தோடு நின்றுவிடும்.

"அப்ப தண்ணி?"

அடியிலிருந்து. கீழே இன்னொரு படை,
முழுக்க இரத்தம் ஊறினது.

சிரித்தார்.
"எங்கட குடாநாடு மாதிரி.
மேலை ஒண்டுமில்லை, கல்லுக்குக் கீழை எல்லாம்."

அந்த மஞ்சள் பொட்டுகளை
அப்போதுதான் பெருப்பித்தேன்.
நடுவுக்கு ஒரு மயிரிழை தள்ளி
கொழுப்புக் கசிந்து உறைந்தவை. ஒன்பது.
சொல்ல வாயெடுக்க முந்தி அவரே சொன்னார்:
"கிணத்திலை எண்ணெய் மிதந்த வருஷம்
எங்கட வாளியிலையும் இப்பிடித்தான் நிண்டது."

துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
நெற்றிக்குக் கை கொடுத்து
வெயிலுக்குள் இறங்கினார்.

நாலரைக்கு கரண்ட் போனது.
பேனா டோர்ச்சை மூடிய இமையில் வைத்து
மெல்ல ஆட்டினேன்.
இருட்டில் கிளை கிளையாய் ஒரு நிழல்,
என்னுடையது.
கை நின்றால் அழிகிறது. ஆட்டினால் வருகிறது.
முப்பத்தெட்டு வருஷம் இதற்கூடாகவா
எல்லாரையும் பார்த்தேன்?
பொட்டுகள் உண்டோ என்று நடுவைத் தேடினேன்.
இந்த வெளிச்சத்தில் அது தெரியாது.
எனக்கே தெரியும், தெரியாது என்று.

ஜெனரேற்றர் இரைந்தது.
முப்பத்தோராம் நம்பர் கதவைத் தட்டினார்.