சிங்கிள் ஃபேஸ்

பேட்டையில் மிளகாய் மில்லுக்கு மேல்மாடி.
வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
கதவுக்கு இரண்டு கோரைப்பாய்,
ஜன்னலுக்கு மதாரின் பழைய மெத்தை.
இவ்வளவுதான் ஸ்டுடியோ.

ஒன்பது பாட்டு, நாற்பத்தொரு நிமிடம்,
பதினான்கு மாதம்.
மல்லி அரைக்கும் நாளில் டிரம்ஸ் எடுக்கலாம்.
வத்தல் அரைக்கும் நாளில் ஒன்றும் ஆகாது,
படியேறி வரும் நெடி
நேரே இசக்கியம்மாளின் தொண்டையைப் பிடிக்கும்.
ஒரு ஃபேஸ் போனால் மில் நிற்கும்,
எங்கள் ஆம்ப் மட்டும் ஓடும்.
அதுதான் எங்கள் நல்ல நேரம்,
ஆல்பத்துக்குப் பெயரும் அதுதான்.

இசக்கி பகலில்
ஜங்ஷன் பக்கம் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவள்.
"அறுபத்திரெண்டு... அறுபத்திரெண்டு இருக்காவளா?"
பஞ்சில் பொதிந்த குரல்.
ராத்திரி அதையே அடிவயிற்றிலிருந்து பிய்த்தெடுப்பாள்,
மீட்டர் சிவப்பில் போய் முட்டும்.
இரண்டாம் பாட்டின் நடுவே ஓர் இருமல் உண்டு.
அழிச்சிரவா என்றேன்.
"கெடக்கட்டும், அதுவும் நாந்தான்."

நாலாவது பாட்டு
தீபாவளிக்கு முந்தின வாரம் எடுத்தது,
கீழே நள்ளிரவு வரை மாவு அரைப்பு.
போட்டுக் கேட்டால்
நாங்கள் எல்லாரும் நிறுத்திய பிறகும்
ஏதோ ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது.
தரைக்கும் கீழே ஒரு ம்ம்ம்,
நொண்டி, எழுந்து, மறுபடி நொண்டி.
மில் மோட்டார்.

மூன்று ராத்திரி அதை வெட்டினோம்.
வெட்டிய இடத்தில் பாட்டு செத்துக் கிடந்தது.
நாலாம் ராத்திரி ஜெபசிங் ஒன்றும் பேசாமல்
பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் தளர்த்தினான்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.
தந்திக்கும் மோட்டாருக்கும் நடுவே
அடித்துக்கொண்டிருந்த அலை
இளைத்து இளைத்து நின்றது.

மற்ற எட்டுப் பாட்டின் கிட்டாரையும்
அந்தச் சுருதிக்கு இறக்கி மறுபடி வாசித்தோம்.
இசக்கியின் அலறலுக்குச் சுருதி தேவைப்படவில்லை.

உறையில் 'நன்றி' என்று போட்டு ஐந்து பெயர்.
கடைசிப் பெயர் மில்காரி மாடத்தியக்கா.
கீழே போய் அவள் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினோம்,
முடியெல்லாம் மல்லித்தூள்.
நின்றபடி கேட்டாள்,
எந்த அலறலுக்கும் இமை துடிக்கவில்லை.
நாலாவது பாட்டில் நெற்றி சுருங்கியது.
"ஏல, பெல்ட்டு தேஞ்சிட்டுல்லா!
இத்தன நாளா என் காதுல விழலியே."

மறுநாள் காலை டவுனிலிருந்து புது பெல்ட் வந்தது.
மில் இப்போது வேறு சுருதியில் ஓடுகிறது,
சுத்தமாக,
எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல்.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மேடை.
நாலாவது பாட்டுக்கு ஜெபசிங் தந்தியைத் தளர்த்தினான்,
கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்,
எதோடு சேர்ப்பது என்று தெரியாமல்
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் மேடையில் ஆட்களை எண்ணினேன்.
நாலு பேர்தான்.
எப்போதும் நாலு பேர்தான்.