பித்தளை ஆணி

ஆடாமல் நிற்பதுதான் என் வேலை.
நாலு மீட்டர் அலுமினியக் கோல்,
அதில் சிவப்பும் கறுப்புமாய்க் கட்டங்கள்.
தூரத்தில், முக்காலிக்குப் பின்னால், ரெனாட்டோ
ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு.
கை உயர்ந்தால் நேராகப் பிடி,
தாழ்ந்தால் அடுத்த புள்ளிக்கு நட.
பதினொரு வருடம்.

இப்போது தல்மாத் தீவு.
பள்ளிக்கூடத்திலிருந்து படகுத்துறை வரை
நாலு கிலோமீட்டர் கரைச்சாலை.
ஒருபக்கம் கடல், மறுபக்கம் களர்;
பார்வைக்குத் தரை, மிதித்தால் அப்பளம்.
பௌர்ணமிப் பெருக்கில் இரண்டும்
சாலைக்கு மேலேயே கைகுலுக்கிக்கொள்ளும்.
காலையில் தார் மீது மீன்குஞ்சு கிடக்கும்.
பள்ளிக்கூட வேன் அதைச் சுற்றிப் போகும்.

எங்கள் எல்லா உயரங்களுக்கும் தாய்
துறைமுக ஆபீஸ் சுவரில் ஒரு பித்தளை ஆணி.
நான் பிறக்கும் முன்னே எவரோ
கடலைக் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்து
இதுதான் கடல் என்று அடித்துவிட்டுப் போனது.
ஆணி அசையவில்லை.
கடல்தான் சொன்ன இடத்தில் இல்லை.

வரைபடம் சாலையை நாற்பது சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னது.
ரெனாட்டோ எண்பது கேட்டான்,
சாலைக்கு அடியில் கூடுதலாய் ஆறு குழாய்ப்பாலமும்.
அபுதாபியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது.
அதை அவன் என்னிடம் காட்டவில்லை,
மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.

பிறகு ஷமால் வந்தது.
வாடையும் இல்லை, கச்சானும் இல்லை,
நம் ஊர்ப் பெயர் எதற்கும் அடங்காத காற்று.
மூன்று நாள் படகு வரவில்லை.
முதல் நாள் கடையில் தக்காளி தீர்ந்தது.
இரண்டாம் நாள் கேம்ப்பில் பருப்பு மட்டும்.
மூன்றாம் நாள் நர்ஸ் பெனீட்டா,
மார்த்தாண்டத்துக்காரி, அலமாரியைத் திறந்து
டயாலிசிஸ் பைகளை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்,
எண்ணினால் கூடும் என்பதுபோல.

ராத்திரி படகு வந்தது, பெருக்கோடு.
கான்கிரீட் சரிவு தண்ணீருக்குள்.
படகின் கதவு இறங்க இடமில்லை.
ஆம்புலன்ஸில் ஹுமைத்,
அந்தப் பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறவர்,
கால் இரண்டும் வீங்கி.
பெஷாவர்க்காரன் குல்பஹார் யாரையும் கேட்காமல்
டிப்பரைப் பின்னோக்கிக் கடலில் இறக்கினான்.
நான் அதற்கு முன்னால் இடுப்பளவு நீரில்
கோலை நட்டுப் பார்த்து ஆழம் கத்தினேன்:
அறுபத்தெட்டு! வா.
எழுபத்தொன்று! வா.
எண்பத்திரண்டு, நில், நில், நில்!

டிப்பரிலிருந்து படகுக்கு இரண்டு சென்ட்ரிங் பலகை.
அதன்மேல் ஸ்ட்ரெச்சர், ஆறு பேர் தோளில்.
ஹுமைத் மல்லாந்தபடி இந்தியில் சொன்னார்,
"நேற்று வரை ஆடுகள் இப்படித்தான் ஏறின.
அதுகள் புகார் சொன்னதே இல்லை."
சிரிக்கக் கூடாத நேரம். சிரித்தோம்.

ரெனாட்டோ அந்த எண்களை
ஈரமான களப்புத்தகத்தில் நேரத்தோடு எழுதினான்.
ஆணி சொன்ன கடல், என் இடுப்பில் பட்ட கடல்,
நடுவே ஒரு கோடு.
உப்பு பூத்த அந்தத் தாள்தான்
இந்தமுறை அபுதாபிக்குப் போனது,
புதுப்பிரதி எடுக்காமல், கறையோடு.

எண்பது கிடைக்கவில்லை. எழுபது.
ஆறு குழாய்க்கு நாலு.
ஆனால் கான்கிரீட் சரிவுக்குப் பதில்
ஒரு மிதவைப் பாலம்,
ஓர் ஓரம் கீலில், மறு ஓரம் நீரில்,
பெருக்கில் ஏறும், வற்றில் இறங்கும்.
அடுத்த ஷமாலுக்குப் படகு வருமா என்றால்
அது இன்னும் காற்றின் கையில்.
வந்தால் நிற்க இடம் உண்டு.

இன்று அதன் நுனியில் கோலோடு நிற்கிறேன்.
அலை வருகிறது. பலகை மூச்சு விடுகிறது.
கட்டங்கள் ரெனாட்டோவின் கண்ணாடியில் தள்ளாடும்.
ஒன்று நாற்பது. ஒன்று நாற்பத்தேழு. ஒன்று முப்பத்தொன்பது.
எழுதிக்கொண்டே இருக்கிறான்.

கையை உயர்த்தவும் இல்லை,
தாழ்த்தவும் இல்லை.
பக்கவாட்டில் அசைக்கிறான்.
அந்தச் சைகை எங்கள் பாஷையில் இதுவரை கிடையாது.
ஆடு, என்கிறான் போலும்.
ஆடுகிறேன்.