ஒரு லட்சத்து இருபதாயிரம் பெசோ

சம்பளத்தில் எடுத்தது எழுபதாயிரம்.
பல் வைத்தியருக்கென்று ஒதுக்கியதில் ஐம்பது.
பல் இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்.
வால்பரைசோவில் இந்தக் காசுக்கு
உருப்படியாய் ஒரு குளிர்பெட்டி வராது.
நான் கேட்கப்போவது பேஸ் கித்தார்.

விளாதிமிரின் கும்பியா குழுவில்
பேஸ் வாசித்தவன்
வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போய்விட்டான்.
கித்தாரும் கூடவே போனது, நியாயம்தானே.
"உனக்குத் தாளம் இருக்கு யாஸ்னா,
நீ பிரேக் போடுறதுலயே தெரியுது" என்றான் விளாதிமிர்.

பதினோரு வருடமாய் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
இடது தோளில் ஒரு வலி
வாடகை தராமல் குடியிருக்கிறது.

நிபால்டோவின் கடையில்
முதலில் இறக்கியது கறுப்பு.
முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.
மாட்டினேன்.
ஐந்து கிலோவாவது இருக்கும்.
இன்னொரு பயணியை ஏற்ற
இந்தத் தோளில் இடமில்லை ஐயா.

இரண்டாவதை மாட்டிக் கையை எடுத்தேன்.
கழுத்து மெல்லச் சரிந்து
தரையைப் பார்த்தது.
"இடது கையால தாங்கிக்கிட்டே வாசிக்கலாம் செஞோரா."
நான் வந்தது
தாங்குவதற்கில்லையே.

மூன்றாவதன் தலையில் பெரிய பெயர்.
பெயருக்கு எண்பதாயிரம்,
மரத்துக்கு மீதி.
முதல் மெட்டில் சுட்டுவிரலை வைத்தால்
சுண்டுவிரல் மூன்றாவதை எட்டாமல்
பஸ்ஸைத் தவறவிட்டவன் போல்
நடுவழியில் நின்றது.

பிறகுதான் அதைப் பார்த்தேன்,
தையல் இயந்திரத்துக்குப் பின்னால்.
ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை.
கழுத்து குட்டை.
ஒரு திருகு போன இடத்தில்
பீர் பாட்டிலின் மூடி.
யாரோ ஒட்டி, யாரோ கிழித்த
கால்பந்துக் கிளப்பின் பாதி நட்சத்திரம்.

"அது பிள்ளைங்க வாசிக்கிறது."
சரி, கொடுங்கள்.

உட்கார்ந்தேன்.
தொடைமேல் அசையாமல் அமர்ந்தது.
எழுந்தேன். கையை விட்டேன்.
தலை கவிழவில்லை.
கட்டைவிரல் பின்பக்கமாய்ச் சுற்றிவந்து
ஸ்டியரிங் போல் பிடித்துக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்றேன்.
அதில் எல்லாமே கொஞ்சம் பொய் பேசும்.
தாடையை மரத்தின் கொம்பில் ஊன்றி
அடித் தந்தியை மீட்டினேன்.

தும்ம்ம்.

முதலில் கேட்டது என் சொத்தைப் பல்தான்.
பிறகு தாடை, பிறகு விலா.
பிறகு வயிற்றில், சாப்பாட்டுக்கும் கீழே ஓரிடம்,
நாற்பத்து மூன்று வருடமாய்
அங்கே ஓர் அறை இருப்பது எனக்குத் தெரியாது.
எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பது எண்ணும்வரை நின்றது.
கறுப்புப் பளபளப்பு
ஐந்திலேயே இறங்கிக்கொண்டது.

குறை இல்லாமலில்லை.
மூன்றாம் தந்தி ஏழாம் மெட்டில்
ஈ மாட்டிய கண்ணாடிப் புட்டி.
அடித் தந்தி கொஞ்சம் தொளதொள.
நிபால்டோவிடம் இரண்டையும் சொன்னேன்,
விலை குறைய இரண்டு படி.

அப்போது வெளியே எங்கள் வண்டி ஒன்று போனது.
அதன் மோட்டார் மேட்டில் முனகும் ஸ்வரத்தை
நான் தூக்கத்திலும் அறிவேன்.
தேடினேன்.
முதல் மெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்,
எந்த மெட்டிலும் இல்லாமல் இருந்தது.
விரலால் தந்தியைக் கொஞ்சம் இழுத்தேன்.
ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது,
வண்டியாலா என்னாலா
நிபால்டோவுக்கும் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்துக்கு முடிந்தது.
மீதியில் அகலமான தோல்பட்டை ஒன்று,
தோளில் குடியிருப்பவருக்கு மெத்தை.
புதுத் தந்திகள் ஒரு செட்.
ஒரு எம்பனாடா.

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இல்லை.
கித்தாரின் தலையை
அலமாரிக் கதவில் சாய்த்து வாசித்தேன்.
அலமாரி முழுக்கப் பாடியது,
உள்ளே தொங்கிய சீருடைகளோடு.

பதினொன்றரை மணிக்கு
கீழ்வீட்டு ஓயார்சூன் அம்மாள்
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.
இரண்டு முறை.

நான் தவறவிட்டுக்கொண்டிருந்த
அதே இடத்தில்.