மல்லி இல்லை

விதைத்த இருபத்து மூன்றாம் நாள்
பெயிண்ட் வாளிக்குள் ஒரு பச்சை நூல்.
அதற்குள் லாட்ஜில் எல்லோரும்
சிரித்து ஓய்ந்திருந்தார்கள்.
ஒச்சம்மா மண்ணுக்குத் தண்ணி ஊத்துறா,
மண் முளைக்கும் பாருங்க.

வெந்தயம் மூன்று நாளில் எட்டிப் பார்க்கும்.
தண்டங்கீரைக்கு ஒரு வாரம் கூட வேண்டாம்.
இது மட்டும்
தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்த மாதிரி.

குரியாச்சன் முதலாளிதான் சொன்னார்,
ஆம்லெட் மேலே பார்சிலி கிடந்தால்
அறுபது ரூபாய் ஆம்லெட் நூற்றிருபது ஆகும் என்று.
கொச்சியிலிருந்து கூரியரில் வந்தது பொட்டலம்.
அதன் முதுகில் எழுத்தில்லை, படம்தான்:
ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு மேலே நிலா.
ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும் என்று
நானாகப் புரிந்துகொண்டேன்.

குமுளி மழைக்கு அது சந்தோஷமாக வளர்ந்தது.
ஆப்பிரிக்க நத்தைகளுக்கும் சந்தோஷம்.
கல் உப்போடு நான் விடியற்காலை ரோந்து போனேன்.
வெளித்தண்டைக் கிள்ளு, நடுக்குருத்தை விடு,
வேர் ஆழம் போகும், பிடுங்கி மாற்றி நடாதே:
இதெல்லாம் செடியே சொன்னது,
இரண்டு வாளியைக் கொன்ற பிறகு.

விருந்தாளிகள் ஆம்லெட்டைத் தின்றார்கள்.
பார்சிலியைத் தட்டின் ஓரத்தில்
மரியாதையாக ஒதுக்கி வைத்தார்கள்.
எட்டு மாதம் கழுவிய தட்டு எனக்குத் தெரியாதா.
போதும், தூக்கிப் போடு என்றார் முதலாளி.

தூக்கினேன். போடவில்லை.
பழைய துண்டால் மூடி
கடைசி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.

செக்போஸ்ட்டில் பஸ் நின்றது.
டார்ச் அடித்துக்கொண்டே வந்தவர்
துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
என்னம்மா செடி?
ஒண்ணுமில்ல சார்.
மல்லியா?
ஆமாம் என்றிருக்கலாம். வாய் வரவில்லை.
மல்லி இல்லை என்றேன்.
பஸ் முழுக்க அமைதி.

இறங்கச் சொன்னார்.
ஒரு இலையைக் கசக்கினார், முகர்ந்தார்,
யோசித்தார், இன்னொரு முறை முகர்ந்தார்.
தின்னுற சாமான்தான் சார், நீங்களே பாருங்க.
மென்றார்.
ராத்திரிச் சாப்பாட்டின் பூண்டு வாடை
அவரைச் சுற்றி ஒரு முழத்துக்கு நின்றிருந்தது.
மென்று முடித்து
உள்ளங்கையில் ஊதிப் பார்த்துக்கொண்டார்.
பிறகு தணிந்த குரலில்,
இன்னும் ரெண்டு காம்பு குடும்மா.

கூடலூரில் கொழுந்தன் பெண்டாட்டி சிவனம்மா
கேட்காமல் பறித்து ரசத்தில் போட்டாள்.
குடித்தோம். அது யார் வீட்டு ரசமோ.
இந்த இலைக்குக் கொதிக்கிற இடத்தில் வேலையில்லை
என்று அன்றைக்குத் தெரிந்தது.
ஞாயிற்றுக்கிழமை ஜிலேபிக் கெண்டை பொரித்தேன்.
இரண்டு பிடி இலை, பூண்டு,
மேலேயிருந்து கொண்டுவந்த காந்தாரி மிளகாய்,
எலுமிச்சை, கல்லில் ஒன்றிரண்டாய்த் தட்டி
சுடச்சுட மீன் மேல் போட்டேன்.
யாரும் பேசவில்லை. முள் மட்டும் மிஞ்சியது.
இது என்ன துவையல் என்று சிவனம்மா கேட்டாள்.
பேர் வைக்கவில்லை என்றேன்.

எங்கள் வெயில் அதற்கு ஆகவில்லை.
பக்கத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில்
வாளியை வைக்க இடம் கேட்டு வாங்கினேன்.
மாசியில் தண்டு நீண்டு பூத்துவிட்டது,
இளமஞ்சளாய்ச் சின்னச் சின்னக் குடைகள்.
இலை கசந்தது.
விதையை ஏலக்காய் டப்பாவில் உதிர்த்து வைத்து
ஒரு நிலா ராத்திரி கிண்ணத்தில் போட்டேன்.
நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று
இப்போது தெரியும். இருந்தாலும்.

நேற்று முதல் பஸ்ஸில் மலையேறிப் போகையில்
செக்போஸ்ட்டில் அதே ஆள்.
ஜன்னலோரம் என்னைக் கண்டுபிடித்து
கையைத் தூக்கி, சத்தமாக, ஆசையாக:
அம்மா, அந்தப் பொருள் இருக்கா?

ஏலத்தோட்டத்துக்குப் போகும் நாற்பது பெண்கள்
ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.