முதுகில் பட்டது

வாரத்தில் ஆறு நாள் நான் எடைமேடைக் குமாஸ்தா.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு
உள்ளே வர ஓர் எடை, வெளியே போக ஓர் எடை.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இளவரசி.

சற்குணன் எடுக்கும் படம்.
கையில் மூவாயிரத்து இருநூறு ரிங்கிட், இரவல் கேமரா.
"ராஜா காலத்துப் பீலாவையெல்லாம் கிழிக்கிறோம்" என்றான்,
பத்தாங் பெர்ஜுந்தை பசார் மாலாம் ஓரத்தில்
தே தாரேக்கை ஆறவிட்டபடி.

ராஜா, கேஸ் தோங் தூக்கும் பூபேந்திரன்.
குதிரை, அவனுடைய கப்சாய்:
ஹேண்டிலில் துடைப்பப் பிடரி,
சீட்டுக்குப் பின்னால் என் சவுரிமுடி.
வாள், கம்பு கழற்றிய குலை அரிவாள்.
கேடயம், முறுக்கு டின்னின் மூடி.

முதல் காட்சியில் புலவர் பாடுவார்:
மன்னா, நின் புரவி கிளம்பினால் பூமி அதிரும்.
கிளம்பாது.
ஏழு உதை. ஏழு முறையும் அதே பாட்டு.
ஒவ்வொரு முறையும் பரிசுப் பை
கொஞ்சம் கொஞ்சமாய் இளைக்கும்.

அப்புறம் போர்.
ஆயுதம் இழந்தவனை வெட்டாதே,
குடுமி அவிழ்ந்தவனை வெட்டாதே,
புறங்காட்டியவனை வெட்டவே வெட்டாதே.
நம் அரசன் அறம் தவறாதவன்.
அது எதிரிக்கும் தெரியும்.
அவன் படை வெறுங்கையோடு
தலைவிரி கோலமாய்
பின்னோக்கி நடந்தே வந்து
ஒரு கீறலும் இல்லாமல் கோட்டையைப் பிடித்துவிடும்.

நான் சிறையில். செம்பனை மரத்தில் கட்டப்பட்டு.
பூபேந்திரன் மண்டியிட்டு
என்னை மீட்கப்போகும் சபதத்தைச் சொல்லத் தொடங்குவான்.
குலப்பெருமைக்கே மூன்று நிமிடம்.
கயிற்றை நானே அவிழ்த்துக்கொண்டு
"காலையில எனக்கு ஷிப்ட்டு" என்று கிளம்பிவிடுவேன்.
அவன் தொடர்வான், மரத்தைப் பார்த்து.

இதுவரை எழுதி எடுத்தது.

எழுதாதது: அந்தி மயங்கும் நேரம்,
தோட்டத்துக் காவல்காரன் பிஷ்ணுவின் டார்ச் லைட்.
அனுமதி வாங்கியாச்சு என்று
சற்குணன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்,
தோட்ட நிர்வாகியைத் தவிர.

புலவர் ஓடினார். எதிரிப்படை ஓடியது,
இந்த முறை முன்னோக்கி.
பாவாடையை வாரிச் சுருட்டி நானும்.
ராஜா கால்வாயில் சறுக்கி
வெட்டிப்போட்ட மட்டைமேல் மல்லாந்தார்.
முதுகில் பதினோரு முள்.

கிளினிக்கில் அவன் அம்மா பழைய வீரத்தாய் மாதிரி
எங்கே பட்டது என்று கேட்கவில்லை.
"வேல நேரத்துலயா விழுந்த?
சொக்சோ கெடைக்குமா?"

கேமரா முக்காலியிலேயே நின்று
எல்லாவற்றையும் பிடித்திருந்தது.
சற்குணன் ஒரு நொடிகூட வெட்டவில்லை.

கோயில் மண்டபத்தில் படம் போட்டோம்.
பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிடச் சிரிப்பு.
அதிகம் சிரித்தவர் குலைவெட்டி அந்தோணிமுத்து.
ராஜாவின் முதுகு திரை முழுக்க வந்தபோது
எழுந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
தோள்பட்டைக்குக் கீழே
கையகலத்துக்குப் பள்ளமாய்த் தழும்பு.
"எனக்கும் முதுகுலதான்டா.
நான் ஓடல. குனிஞ்சி உதிரி பொறுக்கிக்கிட்டிருந்தேன்.
குலை மேலேர்ந்து வந்துச்சி."

யாருக்கும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அவரே சட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.
"ராஜா ஓடுறத இன்னொரு தடவ போடு, தம்பி."

போட்டான்.
இந்த முறை நான் ராஜாவைப் பார்க்கவில்லை.
சட்டகத்தின் இடது ஓரத்தில் பிஷ்ணு.
எங்களில் ஒருவரையும் அவன் துரத்தவில்லை.
டார்ச்சை அணைத்து, குனிந்து,
கீழே கிடந்த கேடயத்தை எடுத்து,
மண்ணைச் சட்டையில் துடைத்து,
யாரிடம் கொடுப்பதென்று
இரண்டு பக்கமும் பார்த்தபடி நிற்கிறான்.
அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை முதல் லோரிக்கு
நுழைவுத் தடுப்பை அவன்தான் தூக்கினான்.
காவல் குடிசைக்குள் எட்டிப் பார்த்தேன்.
கேஸ் அடுப்பில் சோறு.
பானைமேல் எங்கள் கேடயம்,
ஆவியில் மெல்லத் தடதடத்துக்கொண்டு.

கேட்கவில்லை.
எடையைக் குறித்துக்கொண்டேன்.