மூன்றாவது திறப்பு

வுப்பெர்டாலில் மூடிவிட்ட மணிக்கூட்டுக் கடை, பின்னறை.
பெட்டகம் நூற்றெண்பது யூரோ.
தூக்குகூலி நானூறு.

கதவின் உட்பக்கத் தகட்டைப் பாருங்கோ என்றாள் வதனி,
காப்புறுதிக்காரன் அதைத்தான் கேட்பான்.
தகடு இல்லை. தகடு இருந்த நான்கு துளைகள்.

கைப்பிடியோரம் பெயின்ற் கொஞ்சம் புதுசு.
நகத்தால் தட்டினேன்:
யாரோ எப்போதோ துளைத்துத் திறந்து
பூசி மெழுகிய சத்தம்.

எத்தனை திறப்பு?
இரண்டை மேசையில் வைத்தார் ப்ருன்ஸ்.
மூன்றாவது
விவாகரத்தோடு போனதாம், எண்பத்தெட்டில்.
உயிரோடிருக்கிறாரா என்றேன்.
நத்தாருக்குக் கார்டு வரும் என்றார்.

உள்ளே தலையை விட்டு மணந்து பார்த்தேன்.
எண்ணெய். ஈரம்.
ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பூக்கும்.
எங்களிடமோ பதினொரு பவுணும்
மிச்சமெல்லாம் காகிதமும்:
மறுத்த கடிதங்கள் மூன்று, ஏற்ற கடிதம் ஒன்று.

முந்நூற்றுப் பத்துக் கிலோ.
நாங்கள் நாலாம் மாடி, மரத்தளம்.
நேர் கீழே லெம்கே அம்மாவின் கட்டில்.

யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம்.
தலைக்கு மேலே தொங்குரயில்
அவ்வளவு பேரையும் தூக்கிக்கொண்டு போனது.

பூட்டு மாத்த எவ்வளவெண்டு கேட்டனீங்களோ?
கேட்கவில்லை.
அவள் அந்தக் கார்டில் என்ன எழுதுவாள்
என்று நினைத்தபடி நின்றிருந்தேன்.