ஈரக் கழிவு

மழைநாளில் இலை கனக்கும்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு நான்கு
கழித்துத்தான் ரசீது போடுவேன்.
"மழையை நானா பெய்யச் சொன்னேன்?" என்பார்
மேட்டுத் தோட்டத்துக்காரர்.
அரவேணு தாண்டி வளைவில் இருக்கும் ஃபேக்டரியில்
பதினோரு வருடமாக இதே சண்டை.

லோஷினிக்கு இரண்டு வயது எட்டு மாதம்.
குக்கர் விசிலுக்குத் திரும்புவாள்,
பெயருக்குத் திரும்பமாட்டாள்.
துணிக் கிளிப்புகளைச் சுவரோரம் நிறுத்தி வைப்பாள்,
நீலம் நீலம் நீலம்,
ஒன்று நகர்ந்தால் வீடு இடியும்.
பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து
டப்பாவின் மேல் வைப்பாள்.
கைக்கு மேலே ஒரு முகம் இருப்பது
அவளுக்கு அவசரமில்லை.

"இவ பெரியப்பன் அஞ்சு வயசுலதான் பேசினான், பொறு"
என்றது லைன் முழுக்க.
பொறுத்தோம்.
மேட்டுப்பாளையத்தில் ஒருவர் பொடி கொடுத்தார்,
நாற்பது நாளைக்குப் பன்னிரண்டாயிரம்.
"எத்தனை பிள்ளைங்களுக்குக் கொடுத்தீங்க?
அதுல எத்தனை பேர் பேசினாங்க?"
"நம்பிக்கை வேணும் தம்பி."
தராசுக்கு எதற்கு நம்பிக்கை?
இருந்தும் வாங்கினேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை காலைப் பஸ்ஸில் பிரமிளா வந்தார்.
பையில் மருந்தில்லை,
சோப்புக் குமிழி ஊதும் டப்பி, நாலைந்து படங்கள்.
தரையில் உட்கார்ந்தார், லோஷினியின் கண் உயரத்துக்கு.
ஒரு கிளிப்பை எடுத்து, அவள் வரிசைக்குப் பக்கத்தில்
தானும் ஒரு வரிசை தொடங்கினார்.
அரை மணி நேரம் அவ்வளவுதான்.
அவருக்கு டீ போட மறந்து நின்றோம்.
செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்:
"ஊதுங்க. நிறுத்துங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க.
உங்களைப் பார்த்தா அந்த நிமிஷமே ஊதுங்க.
தினமும் எழுதி வையுங்க.
ஆசைப்பட்டதை இல்லை. நடந்ததை."

பத்து எவ்வளவு நீளம் என்று
நாலு எண்ணும்போதே தெரிந்தது.

பழைய ரசீதுப் புத்தகம் ஒன்று, கார்பன் தாளோடு.
'சாக்கு' கட்டத்தில் தேதி,
'மொத்தம்' கட்டத்தில் எத்தனை தடவை ஊதினேன்,
'நிகரம்' கட்டத்தில் எத்தனை தடவை பார்த்தாள்.
'ஈரம்' காலியாகக் கிடந்தது.

மூன்றாம் வாரம் ஏழு என்று எழுதினேன்.
சந்திரமலர் பேனாவை வாங்கி
அதை அடித்தாள். மூன்று.
"மிச்ச நாலும் குமிழியைப் பார்த்தா. உங்களை இல்லை."
கத்தினேன். நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டேன்.
கொழுந்துக் கறை படிந்த விரலால்
'ஈரம்' கட்டத்தைத் தொட்டு
அதில் நான்கு என்று எழுதினாள்.
அன்றிரவு தகரக் கூரை மேல் மழை.
மேட்டுத் தோட்டத்துக்காரரின் குரலில்
எனக்குள் யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்,
மழையை நானா பெய்யச் சொன்னேன்?

புல்லில் உறைபனி விழுந்த மாதத்தில்
மூன்று, ஐந்து, ஐந்து, காய்ச்சல், ஒன்று,
ஆறு.
கிளிப் இப்போதும் நீலம்தான்.
அதைக் கலைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை,
என் வரிசை அதன் பக்கத்தில் நிற்கிறது,
சில நாள் அவளே வந்து கோணலை நிமிர்த்துகிறாள்.

நேற்று சாயங்காலம் மூவரும் பஸ்ஸுக்கு நின்றோம்.
பனிமூட்டத்தில் ரோடு இல்லை, எதிர்க் கடை இல்லை.
வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள்.
லோஷினி விரலை நீட்டினாள்.
அவளுடைய விரல்.
திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்,
மறுபடி விளக்கை, மறுபடி என்னை.
பஸ் நின்றது. "ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.
எதற்கென்று தெரியாமல்
பத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன், தேதி போட்டு.
மலரிடம் பேனாவை நானே கொடுத்தேன்.
வெகுநேரம் வைத்திருந்தாள்.
கழிக்கவில்லை.

இன்று காலை பத்து தடவை ஊதினேன்.
பூஜ்யம்.
எழுதி வைத்துவிட்டுத்
தராசுக்குப் போனேன்.